தூண் வைத்தால் பகட்டா?

கேள்வி:

வணக்கம் சார். எனக்கு வயது 37. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமம். பதினான்கு வருடமாகச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். அப்பா இல்லை. அம்மா களையெடுப்பு, சித்தாள் வேலை என்று கிடைத்ததைச் செய்து என்னை ஐடிஐ படிக்க வைத்தார். தாத்தா காலத்தில் எங்கள் தெருவில் யாரும் ஓட்டு வீடு கட்டக் கூடாது என்று இருந்ததாம். நான் குடிசையில் பிறந்து தொகுப்பு வீட்டில் வளர்ந்தவன்.

இப்போது சொந்த இடத்தில் 2,100 சதுர அடியில் மாடி வீடு கட்டப் போகிறேன். கையில் 48 லட்சம் இருக்கிறது. முகப்பு வேலைக்கு மட்டும் தனியாக 12 லட்சம் ஆகும் என்கிறார் இன்ஜினியர். அதை இரண்டு வட்டிக்கு வாங்கலாம் என்று இருக்கிறேன். 22 அடி உயரத்தில் நான்கு தூண், கண்ணாடி பால்கனி, சுவரில் பதிக்கிற ஏசிபி அலுமினிய ஷீட், ராத்திரி எரிகிற லைட் எல்லாம் அதில் அடக்கம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கப்பல் வடிவத்தில் வைக்க ஆசை.

என் மனைவியின் தம்பி சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கிறான். படத்தைப் பார்த்துவிட்டு, "மச்சான், ரொம்ப வல்கரா இருக்கு. அந்தக் கப்பல் வேண்டவே வேண்டாம், சிரிப்பாங்க" என்றான். ஊரில் மேலத்தெருக்காரர் ஒருவர் டீக்கடையில், "அவனுக்கெல்லாம் தூணு கேக்குதோ" என்றாராம். இரண்டும் மனதைக் குடைகிறது. எதுவரை ஆடம்பரம், எங்கிருந்து பகட்டு? நான் செய்வது தப்பா? வரைபடமும் முகப்புப் படமும் இணைத்திருக்கிறேன்.

பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

தம்பி,

வரைபடத்தை முதலில் பார்த்தேன், கடிதத்தை அப்புறம்தான் படித்தேன். முப்பது வருடமாக வீடு வரைந்து பிழைப்பவனுக்கு அது தொழில் புத்தி. வரைபடத்தில் பின்பக்கம், வீட்டை விட்டுச் சற்றுத் தள்ளி, ஒரு சின்னக் கட்டம் போட்டு 'ஷெட்' என்று எழுதியிருக்கிறது. அந்த ஷெட்டுக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்களைக் குடைகிற அந்த இரண்டு பேச்சு.

இரண்டு பேரும் ஒன்றையே சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். டீக்கடையில் பேசியவர் தூணின் அழகைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 'அவனுக்கெல்லாம்' என்றார். அதே தூண் அவர் வீட்டு வாசலில் நின்றால் அந்தஸ்து, உங்கள் வாசலில் நின்றால் திமிர். அவருக்கு வீட்டுக் கலை பற்றி நான் விளக்கம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஓட்டு வீடு கூடாது என்று 'இருந்ததாம்' என எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் இந்த மாதிரித் தடைகள் வெறும் வாய்ப்பேச்சாக இருந்ததில்லை, எழுத்திலேயே பதிவாகியிருக்கின்றன. சிவகங்கை 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களை அடித்தார்கள், குடிசைகளைக் கொளுத்தினார்கள். அடுத்த ஜூனில் எட்டுத் தடை பதினொன்று ஆனது.

ஒரு பனியனையும் பித்தளைச் செம்பையும் இன்று யாராவது ஆடம்பரம் என்பார்களா? அன்று உங்கள் தாத்தாவின் தலைமுறைக்கு அது ஆடம்பரம், அதுவும் தண்டனைக்குரிய ஆடம்பரம். எது போதும், எது மிகை என்கிற அளவுகோலைப் பொருளை வைத்து எவரும் செய்யவில்லை. கோல் எப்போதும் யாரோ ஒருவர் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே காலத்தில், அதே மாவட்டத்தில், உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில், கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் செட்டியார்களின் பெரிய வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து மார்பிள், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி. ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் கொல்லை வாசல். முகப்பின் உச்சியில் லட்சுமி, பக்கத்திலேயே துப்பாக்கியோடு வெள்ளைக்காரச் சிப்பாய் பொம்மை. இதைவிடப் பெரிய பகட்டு உண்டா? யாரும் அதைப் பகட்டு என்று சொல்லவில்லை. இன்று அதற்குப் பெயர் பாரம்பரியம். உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. நூறு வருடம் பொறுத்திருந்தால் எந்தப் பகட்டும் பாரம்பரியம் ஆகிவிடும் போலிருக்கிறது. உங்கள் தூண்களுக்கும் அந்த வாய்ப்பு உண்டு, அவை நூறு வருடம் நிற்குமானால். நிற்காது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

'ஆடம்பரம்' என்ற சொல்லுக்கே சமஸ்கிருதத்தில் ஒருவகை முரசு, முரசின் பெருஞ்சத்தம் என்ற பொருள் உண்டு. எனக்கு இது ரொம்பப் பிடித்த தகவல். உங்கள் குடும்பத்துக்கு முரசு அடிக்க இப்போதுதான் முறை வந்திருக்கிறது. அடிக்காதே என்று சொல்ல நான் யார்?

அடுத்து, உங்கள் மைத்துனர். அவர் பேச்சில் 'அவனுக்கெல்லாம்' இல்லை. உங்கள் மேல் அக்கறைதான். 'சிரிப்பாங்க' என்கிறாரே, அதில் அவருடைய பயமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. தன்னோடு வேலை பார்க்கிறவர்களைக் கிரகப்பிரவேசத்துக்கு அழைத்து வர வேண்டுமே! 'வல்கர்' என்ற சொல் லத்தீனில் 'வல்கஸ்' என்பதிலிருந்து வந்தது. வல்கஸ் என்றால் சாதாரண ஜனக்கூட்டம். ஒருவனை வல்கர் என்பது, ஆதியில், 'நீ இன்னும் அந்தக் கூட்டத்து ஆள்தான்' என்று சொல்வதுதான். கூட்டத்திலிருந்து வெளியே வந்து ரொம்ப நாள் ஆகாதவர்களுக்குத்தான் இந்தச் சொல் அதிகம் தேவைப்படும். (மைத்துனரிடம் இந்தப் பத்தியைக் காட்ட வேண்டாம்.)

சாம்பல் நிறச் சுவர், பூசாத சிமென்ட், ஒரே ஒரு செடி, வெறும் தரை. நகரத்தில் இன்று பணக்கார ரசனை இது. ஆரஞ்சும் கிளிப்பச்சையும் அடித்தால் பட்டிக்காடு. மதுரைக் கோபுரங்கள் மேல் இல்லாத நிறமா உங்கள் பால்கனியில் வந்துவிடப் போகிறது? நிறத்தை வைத்து உங்களோடு நான் சண்டை போட மாட்டேன்.

இதில் நானும் ஒரு முறை சூடுபட்டவன். தொழிலுக்கு வந்த புதிதில், செங்கல்லில் சிக்கன வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் மேல் எனக்குப் பித்து. திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குப் பூசாத செங்கல் சுவரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவில் காற்று அடைபடும்படி கட்டுகிற அவருடைய எலிப்பொறிக் கட்டு எனக்கு வேதம். அந்த நேரத்தில் ஒரு சின்ன ஊரில் ஒரு லாரி டிரைவர் வீடு கட்டக் கூப்பிட்டார். வாழ்நாள் சேமிப்பு. நான் பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்து, வெளிச்சுவரைப் பூசாமல் செங்கல்லாகவே விட்டேன். அழகாகத்தான் இருந்தது, இப்போதும் சொல்வேன். கிரகப்பிரவேசத்தன்று அவருடைய அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் தம்பி, இன்னும் எவ்வளவு ஆகும் பூசுறதுக்கு? எங்கிட்ட ஒரு சங்கிலி இருக்கு" என்றார். மகன் கையில் காசு தீர்ந்துபோய்ச் சுவர் பாதியில் நிற்கிறது என்று நினைத்துவிட்டார். ஊரும் அப்படித்தான் நினைத்தது. ஒரு வருடத்துக்குள் பூசி ரோஸ் கலர் அடித்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எளிமையாக இருப்பதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. 'இவனால் முடியும், இருந்தும் செய்யவில்லை' என்று ஊர் முன்பே ஒப்புக்கொண்டவர்களுக்குத்தான் எளிமை பெருமை. மற்றவர்களுக்கு அது வெறும் இல்லாமை. பெரிய பணக்காரர் கதர் வேட்டியில் வந்தால் அடக்கம் என்கிறோம். உங்கள் அம்மா பழைய சேலையில் வந்தால் அப்படிச் சொல்வோமா?

ஆக, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று ஒரு வீடு கட்டுவதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. இதோடு நிறுத்தினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் உங்கள் வரைபடம் எனக்குப் பிடிக்கவில்லை.

வீடு மேற்குப் பார்த்தது. ரோட்டிலிருந்து நான்கு அடி உயர்த்தி, ஏழு படி. உள்ளே நுழைந்ததும் 24-க்கு 18 ஹால், இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த கூரை, அதில் சர விளக்கு. ஹாலுக்குப் பின்னால் சமையலறை 8-க்கு 7. ஜன்னல் இல்லை, மேலே ஒரு வென்டிலேட்டர், அதுவும் மூன்றடிச் சந்து ஒன்றைப் பார்த்து. கீழே ஒரு படுக்கையறை, அதில் 'அம்மா' என்று எழுதியிருக்கிறது. அம்மா அறைக்குக் குளியலறை கிடையாது. கழிப்பறை கொல்லைப்புறம், வெளியே. குளியலறையோடு சேர்ந்த படுக்கையறைகள் இரண்டும் மாடியில். அப்புறம் அந்த ஷெட், 10-க்கு 8, தகரக் கூரை.

உங்கள் அம்மா எங்கே வாழப் போகிறார் தெரியுமா? அந்த ஷெட்டில்தான். இதை ஜோசியமாகச் சொல்லவில்லை, இந்த மாதிரி வீடுகளுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். முன்னால் ஹால் பூட்டியிருக்கும். சோபாவில் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கும். கூப்பிட்டால் பின்பக்கமிருந்து குரல் வரும், "இப்படி வாங்க". சுற்றிக்கொண்டு போனால், தகரக் கொட்டகையில் விறகடுப்பு, ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வீட்டுக்காரர்கள் அங்கேதான் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், பேசுகிறார்கள். முன்னால் நிற்கிற வீடு விசேஷத்துக்கு எடுத்து உடுத்துகிற பட்டுச் சேலை மாதிரி. உங்களுடைய 60 லட்சத்தில் அம்மாவுக்குப் போய்ச் சேர்வது ஒரு தகரக் கூரையும் நாலு குழாயும்தான்.

என் கணக்கில் பகட்டு இங்கேதான் ஆரம்பிக்கிறது. ரோட்டில் போகிறவனுக்குத் தூண், உள்ளே இருக்கிறவருக்கு முட்டி வலி. தூண் எவ்வளவு பெரியது என்பது எனக்குப் பொருட்டில்லை. அதற்கான விலையை வீட்டுக்குள் யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பேன். சித்தாள் வேலை பார்த்த பெண்ணின் முழங்கால் ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த ஏழு படியைத் தாங்கும் என்று உங்கள் இன்ஜினியர் கேட்டாரா? அவர் கேட்டிருக்க மாட்டார், அவருக்குப் படம் அழகாக வந்தால் சரி.

செட்டிநாட்டு வீடுகளுக்குத் திரும்பப் போகிறேன், ஏனென்றால் அவற்றில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. முகப்புச் சிப்பாய் பொம்மை ஊருக்காக வைத்தது, சந்தேகமில்லை. ஆனால் உள்ளே போங்கள். வளவின் நடுவில் வானம் பார்த்த முற்றம். வெளிச்சமும் காற்றும் அங்கிருந்து நாலு பக்கமும் போகிறது, மழைத் தண்ணீர் அங்கே விழுகிறது. சுவரில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பல பூச்சுப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். சித்திரை மாத மத்தியானத்தில் அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும் ஆடம்பரம் என்றால் என்னவென்று. தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, சிமென்டும் உள்ளூர் மணலும் போட்டுக் கையால் செய்வது. சூளை கிடையாது, தண்ணீரில் ஊறியே இறுகுகிறது. நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும். அதாவது, வீட்டுக்காரர்கள் புழங்கினால்தான் அது அழகாகும். வாசலில் திண்ணை, வழிப்போக்கன் உட்கார. எல்லா வழிப்போக்கனும் அல்ல, அது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பர்மாவில் வட்டிக்கடை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறி, கீழ்ப்பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. பிறகு 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், 1960-களில் ராணுவ அரசின் தேசியமயம் வந்தது, எல்லாம் போயிற்று. ஊரில் வீடு மட்டும் நின்றது. ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். யார் ஓடு மாற்றுவது? பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பலவற்றைப் பிரித்து, கதவு, ஜன்னல், தூண், கண்ணாடி என்று காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விற்றுவிட்டார்கள். பெரிய முகப்பு கட்டுவது ஒரு தலைமுறையின் செலவு. பராமரிப்பது அடுத்த மூன்று தலைமுறையின் செலவு. உங்கள் மகன் அந்த ஊரில் இருப்பானா?

ஜப்பானில் எடோ காலத்தில் (பதினேழு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை) வணிகர்கள் கையில் பணம் புரண்டது, ஆளும் போர்வீரர்களான சாமுராய்களுக்கு அது பொறுக்கவில்லை. வணிகர்கள் பகட்டாகப் பட்டு உடுத்தக் கூடாது என்று ஆட்சியாளர்கள் அவ்வப்போது ஆணை போட்டார்கள். வணிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெளியே சாதாரணப் பருத்தி அங்கி, உள்பக்கம் விலை உயர்ந்த பட்டு வைத்துத் தைத்துக்கொண்டார்கள். தடையினால் வந்த தந்திரம், பின்னால் அதுவே பெரிய ரசனையாகக் கொண்டாடப்பட்டது. நீங்கள் எதையும் ஒளித்து வைக்க வேண்டியதில்லை, உங்களை யாரும் இப்போது தடுக்க முடியாது. ஆனால் தோலில் படுகிற பக்கம் பட்டு வைத்தார்களே, அந்த யோசனை நல்ல யோசனை.

சரி, கணக்குக்கு வருவோம். 12 லட்சம் இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 24,000 ரூபாய் வட்டி. வருடத்துக்கு 2,88,000. ஐம்பது மாதத்தில் வட்டி மட்டுமே 12 லட்சத்தைத் தொட்டுவிடும், அசல் அசையாமல் அப்படியே நிற்கும். 24,000 ரூபாய்க்கு நீங்கள் எத்தனை ஓ.டி. பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அந்த இரவுகளை எண்ணிப் பாருங்கள். ஊருக்கு வந்து அந்த ஹாலில் உட்கார வேண்டிய வருடங்களை அந்தத் தூண்களுக்குக் கொடுக்கப் போகிறீர்கள்.

அந்தத் தூண்களும் தூண்கள் அல்ல. உள்ளே ஒன்பது அங்குல கான்கிரீட், சுற்றிலும் செங்கல்லும் சாந்தும் அப்பித் தகர அச்சால் இழைத்துப் பருமன் காட்டுவது. தலையில் இருக்கிற இலை வேலைப்பாடு பெரும்பாலும் தெர்மோகோலில் வெட்டி மேலே சிமென்ட் பூசியது. ஐந்தாறு மழைக்குப் பிறகு விரிசல் விடும், சாரம் கட்டி ஏறித்தான் பெயின்ட் அடிக்க முடியும். இதனால்தான் நூறு வருடம் நிற்காது என்றேன். மேற்குப் பக்கக் கண்ணாடி, சிவகங்கை வெயிலில், மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஹாலைச் சூளை ஆக்கிவிடும். இரண்டு மாடி உயரத்தை ஏசி போட்டுக் குளிர வைக்க முயன்றால் கரன்ட் பில் வரும்போது மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். ஏசிபி ஷீட்டில் ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த ரகத்தில் இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே இருப்பது பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் தீ அந்த வகை உறை வழியாகத்தான் மளமளவென்று மேலேறியது, 72 பேர் இறந்தார்கள். இரண்டு மாடி வீட்டுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை என்றாலும், வெல்டிங் பொறி பறக்கிற வேலையில் இருக்கிற உங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்.

நான் என்ன செய்வேன் என்றால், ஹால் உயரத்தை 11 அடியில் நிறுத்துவேன். மேலே ஒரு பெரிய அறை கிடைக்கும். தரைமட்டத்தை நான்கு அடியிலிருந்து இரண்டாகக் குறைப்பேன். அதற்கும் கீழே வேண்டாம், ரோடு போடும்போதெல்லாம் ரோடு உயருகிறது. அரை அடிப் படி நான்கு, பக்கவாட்டில் 24 அடி நீளத்துக்குச் சாய்தளம், இரண்டுக்கும் கைப்பிடி. கைப்பிடியை நீங்களே வெல்டிங் செய்துவிடுவீர்கள். அம்மா அறையோடு சேர்த்துக் குளியலறை, வழுக்காத கல், மூன்றடிக் கதவு, பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கம்பி. 12 லட்சத்துக்குக் கடன் வாங்காமல், இருக்கிற 48 லட்சத்துக்குள் இதெல்லாம் அடங்கும், முகப்பைக் குறைத்தால்.

ஷெட்டை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். அதை வீட்டோடு சேருங்கள். பின்பக்கம் கிழக்கு, காலை வெயிலோடு சரி. சமையலறைச் சுவரை நீட்டி, ஓடு வேய்ந்த ஒரு நல்ல தாழ்வாரம், புகைபோக்கியோடு விறகடுப்பு, உட்கார்ந்து காய் நறுக்க ஒரு மேடை. தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடுங்கள். ஆடம்பரம் வேண்டும் என்றால் அங்கே செய்யுங்கள். அடுப்பு எந்த மூலையில், மேடை எவ்வளவு உயரம் என்பதை அம்மாவிடம் போனில் கேளுங்கள். "உனக்கு என்ன தோணுதோ செய்யப்பா" என்பார். அதை ஒத்துக்கொள்ளாமல் இன்னும் இரண்டு முறை கேளுங்கள்.

தூண் வேண்டும், எனக்குத் தெரியும். இரண்டு வையுங்கள், பத்தடி உயரத்தில், ஒரு திண்ணையோடு. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பழைய வீடுகளிலிருந்து கழற்றிய பர்மாத் தேக்குத் தூண் கிடைக்கும், அவசரப்படாமல் தேடினால் கட்டுப்படியாகிற விலைக்கும் வரலாம். எந்த வீட்டுத் திண்ணையில் உங்கள் தாத்தா உட்கார முடியாதோ அந்த மாதிரி வீட்டுத் தூண். அதை உங்கள் வாசலில் நிறுத்துவது உங்களுக்கு இனிக்குமா கசக்குமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கசந்தால் புதிதாக இரண்டு கருங்கல் தூண் செதுக்கிக்கொள்ளுங்கள். மேலத்தெருக்காரர் எதைப் பார்த்தாலும் பேசத்தான் போகிறார்.

இனி கப்பல். மைத்துனர் முதலில் எடுக்கச் சொன்னது அதைத்தான், நான் முதலில் வைத்துக்கொள்ளச் சொல்வதும் அதைத்தான். பஞ்சாபில் ஜலந்தர் பக்கம் போனால், வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்கள் வீட்டு மொட்டை மாடிகளில் விமானம், கால்பந்து என்று வகைவகையாகத் தண்ணீர்த் தொட்டிகள் நிற்கின்றன. படத்தில் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ரோமாபுரித் தூண் உங்கள் வாழ்க்கையில் எங்கேயும் இல்லை, அது இன்ஜினியரின் கம்ப்யூட்டரில் இருந்து வந்தது. கப்பல் உங்கள் பதினான்கு வருடம். அதுவும் காசு கொடுத்துச் செய்ய வேண்டாம், உங்கள் கையே செய்யும். முகப்பில் சிப்பாய் வைத்தவர்களும் தாங்கள் எங்கே போய் எப்படிச் சம்பாதித்தார்கள் என்பதைத்தான் சுதையில் சொன்னார்கள்.

ஆனால் தொட்டியையே இரும்பில் கப்பலாகச் செய்யாதீர்கள், துருப்பிடித்த தண்ணீர்தான் வரும். உள்ளே சாதாரணப் பிளாஸ்டிக் தொட்டி, வெளியே தகட்டில் கப்பல் கூடு. தொட்டி கழுவ ஆள் இறங்கும்படி மேல்தளத்தில் திறப்பு வையுங்கள். துருவுக்கு எந்த பிரைமர் என்பதில் எனக்கு நீங்கள் பாடம் எடுக்கலாம். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். 2,000 லிட்டர் தொட்டியும் கூடும் சேர்ந்தால் இரண்டரை டன்னுக்குப் பக்கம் வரும், ஆடிக் காற்று தள்ளுவது தனி. அதை நடு ஸ்லாபில் உட்கார வைக்கக் கூடாது. மாடிப்படி அறையின் நான்கு கான்கிரீட் தூண்களுக்கு மேலே வர வேண்டும், கூட்டைக் கட்டிப் பிடிக்கிற போல்ட்டுகளைக் கான்கிரீட் போடும்போதே பதித்துவிட வேண்டும். கப்பலின் நீளம், அகலம், தகட்டின் கனம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அதற்குத் தகுந்த கம்பியை அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் உங்கள் இன்ஜினியர் போட்டுக் காட்டட்டும்.